வேண்டுமென்றேதான் செய்கிறாரா மாமி?

தக்கலைக்கு அருகில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 83 வயதான மாமியாருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று திருவனந்தபுரத்தில் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இவர் பிறந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். "மாமி என்னை வளையல் திருடி என்கிறார். சாயங்காலமானால் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். நாத்தனார் நாகர்கோவிலிலிருந்து வந்தால் மட்டும் ஒரு குறையும் இல்லாதவரைப் போலப் பேசுகிறார். வேண்டுமென்றே என்னைப் படுத்துகிறாரோ என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்காகவே என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது. போன வாரம் கத்திவிட்டேன். நான் கெட்டவளா? இந்த எண்ணங்களிலிருந்து எப்படி வெளியே வருவது? அடுத்த மாதம் திங்கள்சந்தையில் ஒரு கல்யாணம், அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்பது அவர் எழுதியதன் சுருக்கம்.

மனநலச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படுக்கையில் இருப்பவர்களையும் ஓர்மை, அதாவது நினைவு, தப்பியவர்களையும் பார்க்க இன்றும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதில் ஓடுகிற கறுப்பு எண்ணங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில எண்ணங்கள் உண்மைக்கு மாறானவை. 'வேண்டுமென்றே செய்கிறார்' என்பது அப்படிப்பட்டது. அதை உட்கார்ந்து விசாரித்தால் பிடி தளரும். வேறு சில எண்ணங்கள் முழுக்க உண்மை. 'இரவு தூங்கவே முடிவதில்லை, ஒருவரும் கைகொடுப்பதில்லை' என்பது எண்ணக் கோளாறே கிடையாது, அது நிலவரம். அதற்கு வேண்டியது இன்னொரு ஜோடிக் கை. இந்த இரண்டையும் பிரிக்காமல், தனியாகக் கிடந்து அல்லாடுகிற பெண்ணிடம் 'நல்லதையே நினை, எல்லாம் சரியாகும்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனவே ஒவ்வோர் எண்ணத்தையும் பிடித்து முதலில் இதைக் கேளுங்கள்: இது விசாரிக்க வேண்டியதா, ஆள் தேட வேண்டியதா?

விசாரிக்கும் முறைக்கு வேர் 1960களில் இருக்கிறது. மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்துவந்த ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒன்றைக் கண்டார். ஒரு சம்பவத்துக்கும் அதனால் வரும் அழுகைக்கும் நடுவில் ஒரு சின்ன வாக்கியம் மின்னல்போல ஓடிவிடுகிறது. நோயாளி அதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் நம்பிவிடுகிறார். அந்த வாக்கியத்தைப் பிடித்து மேசைமேல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் பெக். மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'ஐசப்போர்ட்' கையேட்டிலும், வேறு விதமாகச் சிந்திப்பது குறித்து ஒரு பாடம் இருக்கிறது.

இனி உங்கள் மாமிக்கு வருவோம்.

ஒருவர் வேண்டுமென்றே உங்களைத் துன்புறுத்த என்னென்ன வேண்டும் என்று யோசியுங்கள். நேற்று நடந்தது நினைவில் நிற்க வேண்டும். இதைச் செய்தால் மருமகள் நொந்துபோவாள் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். திட்டம் போட வேண்டும், அந்தத் திட்டத்தைப் பிற்பகல்வரை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அல்சைமர் நோய் முதலில் கைவைப்பதே மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும்தான். பிறகு திட்டமிடுதலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் போகின்றன. சதி செய்யத் தேவையான கருவிகள்தான் அவரிடம் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. 'பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டானா?' என்று பத்தாவது முறை கேட்கும்போது உங்களுக்குத்தான் அது பத்தாவது முறை. அவருக்கு அது முதல் முறை.

வளையல் கதையும் அதேதான். பொருள் களவு போய்விடுமோ என்ற பயத்தில் ஒளித்து வைக்கிறார். ஒளித்து வைத்தது அழிந்துபோகிறது, பயம் மட்டும் மிஞ்சுகிறது. கை வெறுமையாக இருப்பதைப் பார்க்கிறார். காரணம் தெரியாத வெற்றிடத்தை மூளை சும்மா விடாது, கையில் கிடைத்த கதையால் அடைத்துவிடும். வீட்டில் எப்போதும் கண்ணில் படுகிறவள் யார்? நீங்கள். அதனால் திருடியும் நீங்களே. தூரத்தில் இருக்கும் மகள்மேல் பழி விழுவது அபூர்வம், பக்கத்தில் நிற்பவர்மேல்தான் விழும். இதை வாதாடி வெல்ல முடியாது. 'நான் எடுக்கவில்லை' என்று சத்தியம் செய்வதைவிட, 'வளையலைக் காணோமா? வாருங்கள் மாமி, சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்துகொள்வது பலன் தரும். அரிசிப் பானை, தலையணை உறை, புளி வைத்திருக்கும் பரணி, பழைய பைபிளின் உறை, இப்படி அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இடங்கள் கொஞ்சம்தான் இருக்கும். அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நல்ல தங்கத்தை வங்கி லாக்கருக்கு அனுப்பிவிட்டு, கவரிங் வளையல் இரண்டு வாங்கி வையுங்கள்.

நாத்தனார் வந்தால் தெளிவாகப் பேசுவதைத்தான் எல்லா வீடுகளிலும் பெரிய சாட்சியமாக என்னிடம் எடுத்துவைப்பார்கள். 'அவளிடம் முடிகிறது, என்னிடம் மட்டும் ஏன் முடியவில்லை?' என்பார்கள். விருந்தாளியை வரவேற்பது, 'சாயா குடித்தாயா மக்களே, பிள்ளைகள் சுகமா?' என்று விசாரிப்பது எல்லாம் எழுபது வருடமாக ஊறிய பழக்கம். அதற்குப் புதிய நினைவு தேவையில்லை. புதிய முகத்தைக் கண்டதும் இருக்கிற சக்தியை எல்லாம் கூட்டிச் சேர்த்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நின்றுகாட்டுவார். நாத்தனாரின் கார் தெருமுனை தாண்டியதும் சரிந்துவிடுவார். அன்று இரவு வழக்கத்தைவிடக் குழப்பம் கூடியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலி. உங்களிடம் அந்த முயற்சி இல்லாததற்குக் காரணம், உங்கள் முன்னால் நின்றுகாட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பதே. நாத்தனாருக்கு விளக்கிச் சொல்லிப் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு இரவு வந்து தங்கச் சொல்லுங்கள். மறுநாள் விடியும்போது அவருடைய பேச்சு மாறியிருக்கும்.

'சில நேரம் மலையாளத்தில் என்னைத் திட்டுகிறார், எனக்குப் புரியவே இல்லை' என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மாமி பிறந்தபோது இந்தக் கன்னியாகுமரி மாவட்டமே கிடையாது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் பள்ளிக்கூடம் போன பலருக்கு மலையாளம் படித்த மொழி. கடைசியில் பதிந்தவை முதலில் போகும், முதலில் பதிந்தவை கடைசிவரை நிற்கும் என்பது இந்த நோயின் போக்கு. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த உங்களுக்கு அது வசையாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டில் மலையாளம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் ஒருநாள் கேட்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு வீட்டில் மருமகள் சாபம் என்று நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தது, கடைசியில் ஒன்றாம் வகுப்பு வாய்பாடாக இருந்தது. உங்கள் வீட்டில் உண்மையிலேயே வசையாகவும் இருக்கலாம். ஆனால் புரியாத சொல்லுக்கு நாமே அர்த்தம் போட்டு, அந்த அர்த்தத்துக்காக நாமே அழுவது வீண் செலவு.

சாயங்கால மூட்டையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் எண்ணம் எப்படி வேலை செய்கிறது என்பது அதில்தான் நன்றாகத் தெரிகிறது. ஒரு பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஒரு கேமரா பார்த்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அவ்வளவுதான்: 'நாலரை மணி. இரண்டு சேலையும் ஒரு துவாலையும் மூட்டையாகக் கட்டினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.' அதன் கீழே, அப்போது உங்கள் மனதில் ஓடியதை ஓடியபடியே எழுதுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. 'பதினெட்டு வருடம் சோறு போட்ட என்னை அன்னியளாக நினைக்கிறார். ஊர் பார்க்கட்டும் என்றுதான் கேட்டில் நிற்கிறார். நான் செய்ததெல்லாம் பாழ்.' பக்கத்தில் அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது என்று ஒரு வரி: நெஞ்சு படபடத்தது, குரல் உயர்ந்தது.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'அன்னியளாக நினைக்கிறார்' என்பதற்கு என்ன சான்று? அவர் போகக் கேட்கும் வீடு எது? திருவட்டாறில் அவர் பிறந்து வளர்ந்த வீடு, இன்று இல்லாத வீடு. அங்கே அவருடைய அம்மை இருக்கிறாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் சகஜம். பயந்த பிள்ளை தாயைத் தேடும். தேடுகிற வீட்டில் நீங்கள் இல்லை என்றால், அவர் நிற்கும் அந்த வயதில் நீங்கள் பிறக்கவே இல்லை என்று பொருள். 'ஊர் பார்க்கட்டும் என்று நிற்கிறார்' என்பதற்குச் சான்று? மழை நாளில், தெருவில் ஈ காக்கை இல்லாதபோதும் நிற்கிறார் என்றால் அந்த வாக்கியம் விழுந்துவிட்டது. 'செய்ததெல்லாம் பாழ்' என்பதற்கு? இன்று காலை உங்கள் கையால் குளித்து, கஞ்சி குடித்து, புண் ஒன்றும் இல்லாத முதுகோடு வெயில் காய்ந்தார். 83 வயதில் அந்த முதுகே உங்கள் வேலைக்குச் சாட்சி.

கடைசியாக ஒரு வரி, இதே நிலையில் உங்கள் தங்கை இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். 'பொழுது சாயும்போது பயப்படுகிறார், என்னை விரட்டவில்லை' என்பதுபோல இருந்தால் போதும். அதிகம் இனிப்புத் தடவ வேண்டாம். 'மாமி என்னை மிகவும் நேசிக்கிறார்' என்று எழுதினால் உங்கள் மனமே நம்பாது, நோட்டை மூடிவிடுவீர்கள்.

எண்ணம் அப்படித் திரும்பினால் கையும் திரும்பும். நாலு மணிக்கே வீட்டு விளக்குகளைப் போட்டுவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அதற்கும் முன்பே. மூட்டையைப் பிடுங்காமல், 'போகலாம் மாமி, முக்குவரை நடப்போம்' என்று கூடவே நடந்து, திரும்பி வந்து ஒரு சாயாவும் மட்டிப்பழமும் கொடுப்பீர்கள். மாலை ஜெபத்தில் அவருக்கு மனப்பாடமான பாட்டிலிருந்து தொடங்குவீர்கள். பேச்சு மறந்தவர்களுக்கும் பாட்டு வரும். எல்லா நாளும் இது பலிக்காது. பலிக்காத நாளில் 'என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது' என்ற எண்ணம் ஓடிவரும். அதையும் நோட்டில் எழுதி, இந்த வாரம் எத்தனை நாள் பலித்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கேட்டில் இழுபறி நடக்கும்போது நோட்டும் வராது, விசாரணையும் வராது. அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வேலைதான். அவர் விழுந்துவிட மாட்டார், வெளியே போய்விட மாட்டார் என்று உறுதிசெய்துகொண்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். நோட்டு பிறகுதான், அவர் உறங்கியபின் ஐந்து நிமிடம். இரவு பத்து மணிக்கு மேல் அதைத் தொடவே வேண்டாம். தூக்கம் கெட்ட மனிதருக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குத் தோன்றுவதெல்லாம் தீர்ப்பு மாதிரியே இருக்கும். வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளைப் பகலுக்குத் தள்ளிவையுங்கள்.

கத்தியதைப் பற்றி. 'நான் கெட்டவளா?' என்ற கேள்வியே எண்ணத்தின் ஒரு தந்திரம். ஒரு செயலை எடுத்து ஆளின் பெயராக மாற்றிவிடுகிறது. காலையில் தொடங்கி இரவுவரை குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியதெல்லாம் கணக்கில் வராமல், ஒரு நிமிடக் கத்தல் மட்டும் பேரேட்டில் ஏறுகிறது. கத்தியது தவறுதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தவறுக்குச் செய்ய வேண்டியது சரிசெய்வது. சுயவெறுப்பு அதைச் செய்யாது, அடுத்த கத்தலுக்குத்தான் கொண்டுபோய் விடும். இந்த நோயில் சம்பவம் மறந்த பிறகும் அது ஏற்படுத்திய கலக்கம் தங்கும். அவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரியாது, ஆனால் மனம் கனத்துக் கிடக்கும். அதே காரணத்தால், அரை மணி கழித்து நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்தால் அந்த ஆறுதலும் தங்கும். எதற்காகத் தடவினீர்கள் என்பது மறந்துபோகும், அமைதி நிற்கும். மன்னிப்பை வாயால் கேட்பதைவிட இது அவருக்கு எட்டும். வாரத்தில் பல நாள் கத்தல் வருகிறது, கை ஓங்கத் தோன்றுகிறது என்றால் அது விசாரிக்கும் வகையைத் தாண்டி, ஆள் தேடும் வகைக்குப் போய்விட்டது.

'பொய் சொல்லலாமா?' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாமனார் இறந்து வெகுகாலம் ஆகிறது, அவர் எங்கே என்று மாமி கேட்கிறார், உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவரைப்போல அழுகிறார். உண்மையைத் திருத்திச் சொல்லியே ஆக வேண்டும் என்பது நல்ல வளர்ப்பில் வந்த விதி. ஆனால் அந்த விதி நினைவு நிற்கிற மனிதர்களுக்காக உண்டானது. ஒரு விதவையை ஒரு நாளைக்கு நாலுமுறை புதிதாக விதவையாக்குவதில் என்ன அறம் இருக்கிறது? அதற்காகக் கதை கட்டவும் வேண்டாம். 'மாமாவை நினைத்துக்கொண்டீர்களா? அவருக்கு மரச்சீனியும் சாளைக் கறியும் என்றால் உயிராமே?' என்று பேச்சை அவரைப் பற்றியே திருப்புங்கள். அதில் பொய் ஏதும் இல்லை. அவர் கேட்டது முகவரியை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் துணையைத்தான் கேட்கிறார்.

இனி சொல்லப்போகும் எண்ணம் ஆபத்தானது, அதனால் கூடுதல் கவனம் வேண்டும். 'நோய் முற்றிவிட்டது, இனி அவ்வளவுதான்' என்பது. அல்சைமர் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஓரளவு பேசியவர் செவ்வாய்க்கிழமை ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அல்லது ஒரேயடியாகச் சோர்ந்து தூங்கினால், அது பெரும்பாலும் மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, பல நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமை, கீழே விழுந்து தலையில் பட்ட அடி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே முதியவர்களைக் கலங்கடித்துவிடும். காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டிய நிலை அது. 'எல்லாம் விதி' என்று வீட்டிலேயே வைத்திருந்து காலம் கடத்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணத்தின் தம்பி ஒருவன் உண்டு, 'வயதானால் அப்படித்தான்' என்பவன். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மூளையின் மேலுறையில் ரத்தக் கசிவு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதிபோலவே வேடம் போடும், கண்டுபிடித்தால் மருந்தும் உண்டு. உங்கள் மாமிக்கு இந்தப் பரிசோதனைகள் முடிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மறதி என்று கேள்விப்பட்டால் இதைச் சொல்லிவையுங்கள்.

'என்னால் மட்டும்தான் முடியும்' என்ற எண்ணத்தைப் பெண்கள் பதக்கம்போலச் சுமக்கிறார்கள். நாத்தனார் கஞ்சியில் உப்புக் கூட்டிவிடுவார், ஹோம் நர்ஸ் தலையைச் சரியாகத் துவட்ட மாட்டாள், எல்லாம் சரிதான். ஒருநாள் உப்புக் கூடினால் ஒன்றும் ஆகாது. நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால்தான் ஆகும். உதவி கேட்கும்போது 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். 'சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மாமியுடன் இருக்க வேண்டும்' என்று நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். மஸ்கட்டில் இருக்கும் கணவரிடம் வீடியோவில் ஆலோசனை கேட்க வேண்டாம், ஹோம் நர்ஸுக்கு மாதச் சம்பளம் கேளுங்கள். அவருடைய அம்மா, அவர்தான் கொடுக்க வேண்டும். மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள், பழைய ஆல்பத்தை வைத்துக்கொண்டு பாட்டியிடம் தினம் பதினைந்து நிமிடம் கதை கேட்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும். கிராமச் செவிலியரிடம் பெயர் கொடுத்துவையுங்கள்.

ஊர் என்ன சொல்லும் என்பதற்கு அதிக இடம் தர மாட்டேன். ஊர் சொல்லும், அது உண்மை. ஹோம் நர்ஸ் வைத்தால் 'மருமகள் தள்ளிவிட்டாள்' என்பார்கள், வைக்காவிட்டால் 'கிழவியை வதைக்கிறாள்' என்பார்கள். எப்படியும் சொல்லப்போகிறவர்களுக்காக உங்கள் முதுகு ஒடிய வேண்டியதில்லை. மறைப்பதால்தான் நஷ்டம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களை எண்ணிப் பார்த்தால், இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை என்று தெரியும். தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் 'எங்கள் மாமிக்கு ஓர்மை இல்லை, தனியாக நடந்து போவதைப் பார்த்தால் போன் செய்யுங்கள்' என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவையுங்கள். வெட்கத்தைவிட அது பயன்படும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் தொடுகிறேன், ஏனென்றால் அநேகமாக எல்லாரும் இதை எழுதாமல்தான் விடுகிறார்கள். 'இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நல்லது' என்ற எண்ணம். அது வந்தால் நீங்கள் கொலைகாரி ஆகிவிடவில்லை. ஓர் எண்ணம் வருவதும் அதைச் செய்வதும் வேறு வேறு. இந்தத் துன்பம் முடிய வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கிறது. அதோடு துக்கமும் இருக்கிறது. ஆள் கண்முன் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் உங்களைக் கைப்பிடித்து இந்த வீட்டுக்குள் அழைத்துவந்த மாமி அங்கே இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து இத்தகைய இழப்பைப் பற்றி எழுதினார். பிறகு அல்சைமர் குடும்பங்களிலும் அதையே கண்டார். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாகவும் முடியாது. நம் மாவட்டத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத, உடலும் கிடைக்காத மீனவர்களின் வீடுகள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையில் இருக்கின்றன. அங்கே ஆள் இல்லை, நினைவு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார், நினைவு இல்லை. இரண்டுக்கும் அழலாம். சாவுக்கு முன்பே அழுவது அபசகுனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் அந்த எண்ணம் உங்கள் உயிர்மேல் திரும்பினால், அல்லது சோறும் தூக்கமும் இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை என்றால், நோட்டு போதாது. 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உங்களுக்காகவே ஒரு சீட்டுப் போடுங்கள், மாமிக்காக இல்லை. முதியவர்கள் தொடர்பான மற்ற உதவிகளுக்கு 14567 இருக்கிறது. மலையாளம் தெரிந்த யாராவது கூட வந்தால், 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் அமைப்பின் திருவனந்தபுரம் கிளையை, அடுத்த முறை மாமியின் பரிசோதனைக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் முழுக் கல்யாணத்துக்கும் வேண்டாம். மண்டபத்தின் ஒலிபெருக்கியும் பந்திக் கூட்டமும் அவருக்கு ஆகாது. கோயில் ஆராதனைக்கு மட்டும் போங்கள், அது காலையில் இருக்கும், அவருக்கும் தெளிவான நேரம். கதவோரப் பெஞ்சில் உட்காருங்கள். மாற்று உடை ஒன்றும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். கழிவறை எங்கே என்று முந்தின நாளே மகனை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் வந்து 'நான் யார் சொல்லுங்கள் பார்ப்போம்' என்று பரீட்சை வைப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் 'மாமி, இது இரணியல் அக்காவின் மகள்' என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். தாலி கட்டியதும் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், கூட ஹோம் நர்ஸோ மகனோ போகட்டும். நீங்கள் மண்டபத்துக்குப் போய், உட்கார்ந்து, பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போகும் முன் நாத்தனாரிடம் ஒன்று சொல்லிவையுங்கள், அன்று மாலை நாலு மணிக்கு வீட்டில் விளக்குப் போடுவது அவர் பொறுப்பு என்று.